யாண்டு மட்டும் மிஞ்சியது

கொள்ளிடத்துக்கு வடக்கே: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் கதை – 14

பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர் இருக்கிறது. இன்று அது திருச்சி மாவட்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆங்கிலேயர் காலக் கல்வெட்டு அறிக்கைகளைப் புரட்டினால் ‘பெரம்பலூர் தாலுகா’ என்ற தலைப்பின் கீழ்தான் அகப்படும். அங்குள்ள கல்வெட்டுகளில் ஒன்று மூன்றாம் குலோத்துங்க சோழனின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1218-ஐ ஒட்டியது. கோயிலுக்கு நிலம் விட்டதையோ விளக்கெரிக்க ஆடு விட்டதையோ அது சொல்லவில்லை. இடங்கைத் தொண்ணூற்றெட்டுச் சாதியார் கூடித் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஆணையைச் சொல்கிறது.

முதலில் தங்கள் பிறப்புக் கதையை எழுதிக்கொள்கிறார்கள். காசியப முனிவரின் வேள்வியை அசுரர்கள் கெடுத்தபோது அதைக் காக்க அக்கினி குண்டத்திலிருந்து தோன்றியவர்களாம். பிறகு அரிந்தம சோழன் காலத்தில் பிராமணர்களோடு வந்து, அவர்களுடைய குடையையும் செருப்பையும் சுமந்து, திருவெள்ளறை, பாச்சில், திருப்பிடவூர், ஊட்டத்தூர் முதலிய ஊர்களில் குடியமர்ந்தார்களாம். கதை எப்படியோ போகட்டும். அடுத்து வருவதுதான் விஷயம். இனி நாங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருப்போம். எங்களில் ஒருவருக்கு வரும் நன்மையும் தீமையும் எல்லோருக்கும் உரியது. இடங்கையாருக்கு இழிவு நேர்ந்தால் உரிமை நிலைபெறும்வரை சேர்ந்து நிற்போம். தங்கள் கூட்டத்துக்கு வருகிறவர் எந்த அடையாளங்களோடு வரவேண்டும் என்பதுகூட அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இதைச் சாதிப் பெருமை என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. முறையிட ஓர் இடமும், கேட்க ஓர் அதிகாரியும், நடத்தி வைக்க ஓர் அரசும் இருக்கிறவரை மனிதர்கள் இப்படிக் கல்லில் சத்தியம் செய்துகொள்வதில்லை. இராசராசன் காலத்துச் சோழ நாட்டில் வழக்கு என்றால் ஊர்ச்சபை, நாட்டார், மேலே அரசன் ஆணை என்று படிப்படியாகப் போகும். அந்தப் படிகள் இற்றுப்போனதை ஊட்டத்தூரார் தங்கள் வாழ்க்கையில் பார்த்துவிட்டார்கள். அடித்தால் தடுக்கச் சாதிக்காரன்தான் வருவான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இதே வட்டாரத்தில் 211 ஆண்டு கழித்து நடந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடுதுறை என்றதும் கும்பகோணத்துப் பக்கத்து ஊர் நினைவுக்கு வரும். இது வெள்ளாற்றங்கரை ஆடுதுறை, குன்னம் பக்கம். குற்றம் பொறுத்த நாதர் அங்கே சாமி. 1429-ல், விசயநகர ஆட்சியில், வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்றாகக் கூடி, எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி கொடுப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்து அங்கே கல்லில் வெட்டினார்கள். அதிகாரிகளோடும் நிலவுடைமைக்காரரோடும் சேர்ந்துகொண்டு எங்களைக் காட்டிக்கொடுப்பவன் எங்களுக்குப் பகைவன் என்றும் எழுதினார்கள். குற்றம் பொறுக்கிற சாமியின் சந்நிதியில் பொறுக்கவே மாட்டோம் என்று எழுதியவர்கள் அவர்கள். ஒருவரோடு ஒருவர் தீராச் சண்டை போட்ட இரண்டு கைகளும் ஒன்று சேர வேண்டுமென்றால் மேலே இருந்தவர்கள் எவ்வளவு பிழிந்திருக்க வேண்டும்! அந்தக் கிளர்ச்சியைத் தனி அத்தியாயமாகப் பின்னால் எழுதப் போகிறேன். இந்த வாரம் 1218-க்குத் திரும்புவோம்.

அந்த ஆண்டு சோழ நாடு எப்படி இருந்தது?

மூன்றாம் குலோத்துங்கன் 1178-ல் பட்டத்துக்கு வந்தவன். சோழர்களில் கடைசிப் பெரிய அரசன். கும்பகோணத்துப் பக்கம் திருபுவனத்தில் நிற்கிற கம்பகரேசுவரர் கோயில் அவன் கட்டியது. ஈழம், கருவூர், மதுரை என்று எல்லாத் திசையிலும் படை நடத்தினான். ‘மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’ என்பது கல்வெட்டுகளில் அவனுக்குரிய அடைமொழி. வெற்றியோடு நிறுத்தியிருக்கலாம். 1205-ஐ ஒட்டி மூன்றாம் முறையாக மதுரைக்குப் போனபோது பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துத் தள்ளி, அந்த மண்ணைக் கழுதை ஏர் பூட்டி உழுது, கவடி விதைத்தான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. தோற்றவனை அவன் வாசலிலேயே அவமானப்படுத்துகிற பழைய சடங்கு அது.

மதுரையில் அதை நினைவில் வைத்திருந்தார்கள். 1216-ல் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பட்டமேறினான். சில ஆண்டுகளுக்குள் தஞ்சையும் உறந்தையும் தீக்கிரையாயின. மாடமும் மண்டபமும் இடிந்தன. இப்போது கழுதை ஏர் சோழ மண்ணில் ஓடியது. ஆயிரத்தளியில் சோழரின் முடிசூட்டு மண்டபத்திலேயே பாண்டியன் வீராபிடேகம் செய்துகொண்டு, தில்லைக்குப் போய்க் கூத்தனை வணங்கினான். கிழட்டுக் குலோத்துங்கனும் அடுத்த பட்டத்துக்குரிய மூன்றாம் இராசராசனும் நாட்டை விட்டு ஓடினார்கள். போசள அரசன் வீர பல்லாளன் தன் மகன் நரசிம்மனைத் திருவரங்கம் வரை அனுப்பி நெருக்கியதால், பொன்னமராவதியில் சோழனுக்கு முடி திரும்பக் கிடைத்தது. அதற்காகச் சுந்தர பாண்டியன் சூடிக்கொண்ட பட்டம் ‘சோணாடு வழங்கியருளிய’. நாட்டைப் பிச்சை போட்டவன் என்று நேராகச் சொல்லாத குறைதான். முந்நூறு ஆண்டு தென்னாட்டை அடக்கியாண்ட குடிக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை.

மூன்றாம் இராசராசன் கோழை, திறமையற்றவன், அவனால்தான் சோழப் பேரரசு போயிற்று என்று பாடப்புத்தகங்கள் எழுதும். அவனைக் காப்பாற்றப் போவதில்லை. வரும் பத்திகளில் அவன் செய்கை தெரியும். ஆனால் குற்றப்பத்திரிகை தப்பான ஆள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அவன் பட்டம் ஏறுவதற்கு 80 ஆண்டு முன்பே வெள்ளாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவே பாடிகாவல் உரிமை கை மாறத் தொடங்கிவிட்டது. பாடிகாவல் என்றால் ஊர்க்காவல். திருட்டு, கொள்ளை, கால்நடை களவு போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு ஊரார் நெல்லும் காசுமாக ஒரு வரி கொடுப்பது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் கூடலூர்க் காடவர் குடியைச் சேர்ந்த ஆளப்பிறந்தான் மோகன் என்ற தலைவன் இந்த உரிமையைப் பெற்றான். அரசனுக்கு அது வசதி. தொலைவிலுள்ள ஊர்களுக்குப் படை வைத்துச் சோறு போட வேண்டாம். உள்ளூர்ப் பெரிய மனிதர் பார்த்துக்கொள்வார். ஊராருக்கும் முதலில் வசதிதான். இரண்டு தலைமுறை போனதும் யாருக்கு வரி, யாருக்குப் பயம், யாருக்கு விசுவாசம் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பதில் வந்துவிட்டது. அந்தப் பதில் சோழன் அல்ல.

காடவர் மட்டுமில்லை. வடக்கே சம்புவராயர், திருக்கோவலூரில் மலையமான், ஆறகளூரை மையமாக வைத்து மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர் என்று வெள்ளாற்றுக்கு மேலே ஆளுக்கு ஒரு நாடு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே இவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக் கோயில்களில் பொறிக்கத் தொடங்கினார்கள். செங்கம் பக்கத்தில் நிறைய உண்டு. உனக்கு ஆபத்து என்றால் நான் வருவேன், இன்னாரோடு நீ சேரக்கூடாது, என் பகைவனுக்குப் பெண் கொடுக்கக்கூடாது என்கிற வகை. அரசருக்கு விரோதம் செய்யமாட்டோம் என்ற வாசகம் சிலவற்றில் இருக்கிறது. அதைத் தனியாக எழுதிக்காட்ட வேண்டிய நிலை வந்ததையே நான் கவனிக்கிறேன்.

சரி, மேலே இவ்வளவு நடக்கும்போது கீழே எப்படி இருந்தது?

1201-ல் திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். கவனிக்க வேண்டியது, விற்றவர் வெள்ளாளர். நிலம் வைத்திருக்கிற சாதி. அவர் மகள்களின் பெயரோடு நின்று தன்னை விற்கும் நாளில் சோழப் பேரரசு வரைபடத்தில் முழுசாக இருந்தது. மதுரையில் கவடி விதைக்கும் பயணத்துக்கு இன்னும் நாலு ஆண்டு இருந்தது. திருபுவனத்துக் கோயிலை எழுப்பிய அதே ஆட்சி அது.

மூன்றாம் இராசராசன் காலத்துக்கு வந்தால் கல்வெட்டுகளில் ‘துரோகி’ என்ற சொல் மழைக்காலத்துக் களையாகப் பெருகுகிறது. இராசத் துரோகி, சிவத் துரோகி, நாட்டுத் துரோகி. இராசத் துரோகிகளின் நிலங்களைப் பறித்து ஏலம் விடுகிறார்கள். அந்த விற்பனைக்கு ‘இராசராசப் பெருவிலை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். துரோகம் அவ்வளவு பெருகியிருக்கலாம். கஜானா அவ்வளவு வற்றியிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன என்பது என் எண்ணம். காசு வேண்டிய அரசுக்குத் துரோகி வேண்டும். நிலம் பறிபோகும் என்ற பயமுள்ளவன் பாதுகாப்புக்காகக் காடவனிடம் போவான். போனதும் அவன் நிஜமாகவே துரோகி.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் நடந்த வழக்கு இன்னும் அசிங்கம். கோயிலில் பூசை செய்த இரண்டு சிவப்பிராமணர்கள் அம்மன் நகைகளை எடுத்துத் தங்கள் வைப்பாட்டிக்குக் கொடுத்தார்கள். கோயில் பணத்தைக் கையாடினார்கள். அரசாணையை மதிக்கவில்லை, வரி கட்டவில்லை. வந்திருந்த கன்னடப் படைக்காரரோடு சேர்ந்துகொண்டு ஊராரிடம் 50,000 காசு வசூல் செய்தார்கள். கடைசியில் சபை கூடி அவர்களைச் சிவத் துரோகிகள் என்று தீர்த்துத் தண்டித்தது. தண்டித்ததால்தான் நமக்குத் தெரிகிறது. இது மாதிரி எத்தனை பேர் அகப்படாமல் போனார்களோ. எந்தப் படை ஊருக்குள் வந்தாலும் அதன் நிழலில் குளிர்காயச் சிலர் தயாராக இருப்பார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்களாகவும் இருக்கமாட்டார்கள்.

கன்னடப் படை எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். 1231-ல் மூன்றாம் இராசராசன் பாண்டியனுக்குத் திறை கட்டுவதை நிறுத்திவிட்டு, படையோடு தெற்கே போய் அடிபட்டுத் திரும்பினான். துணை தேடி ஓடும் வழியில் தெள்ளாற்றில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் அவனை மறித்துப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். பேரரசனைச் சிற்றரசன் கைதியாக்கிய கதையைத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. செய்தி கேட்ட போசள நரசிம்மன், சோழ மண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்ற தன் பட்டத்தைக் காப்பாற்றாமல் எக்காளம் ஊதவிடமாட்டேன் என்று சபதமிட்டு, துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். வழியில் மகர நாட்டை நிர்மூலமாக்கினான் என்கிறது கல்வெட்டு. மகரம் என்பது மகதை மண்டலம். பெரம்பலூருக்கு மேற்கிலும் வடக்கிலும் கிடந்த பூமி. கொள்ளிடக் கரையில் பாச்சூரில் பாளையமிறங்கி, அப்பண்ணன், சமுத்திர கோபய்யன் என்ற இரண்டு தண்டநாயகர்களை முன்னே அனுப்பினான்.

அவர்கள் செய்ததைக் கல்வெட்டு மறைக்கவில்லை. எள்ளேரி, கள்ளியூர்மூலை என்று ஊர் ஊராக அழித்துக்கொண்டு போனார்கள். பெருஞ்சிங்கனின் முதலிகளில் சிலரைக் கொன்றார்கள். செத்தவர்களில் பராக்கிரமபாகு என்ற ஈழத்து அரசனும் ஒருவன். நடுவில் தில்லையில் சாமி கும்பிட்டார்கள். பிறகு கெடிலக் கரை வரை ஊர்களைக் கொளுத்தி, மரங்களை வெட்டி, பெண்களைப் பிடித்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் போனார்கள். கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விட்டான். இது மீட்புப் படை என்பதை நினைவில் வையுங்கள். சோழனுக்காக வந்தவர்கள் எரித்த ஊர்களும் சோழனுடைய ஊர்கள்தான்.

நரசிம்மனின் மகன் சோமேசுவரன் திரும்பிப் போகவே இல்லை. சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் தலைநகர் கட்டி உட்கார்ந்துவிட்டான். அங்கே அவர்கள் எழுப்பிய போசளேசுவரம் இன்றும் இருக்கிறது. காப்பாற்ற வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் நடந்துகொண்டே இருந்தது. கோயில்களில் ‘இராசராச தேவர்க்கு யாண்டு’ என்று தொடங்கிக் கல்வெட்டு வெட்டினார்கள். அவனைப் பிடித்து அடைத்த கதையைச் சொல்லும் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டே அவனுடைய ஆட்சியாண்டைத் தலையில் வைத்துத்தான் தொடங்குகிறது. ஆணை வேறு யாருடையதோ, வரி வேறு யாருக்கோ, காவல் வேறு யாரோ. தேதி மட்டும் சோழனுடையது. ஐந்நூறு ஆண்டு கழித்து வடக்கே இதே கூத்து நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் அடித்த வெள்ளி ரூபாயில் முகலாய அரசன் ஷா ஆலமின் பெயரும் அவனுடைய 19-ஆம் ஆட்சியாண்டும் இருக்கும். ஆண்டு மாறாமல் அப்படியே உறைந்துபோயிருந்தது. ஷா ஆலம் 1806-ல் செத்தான். முகலாயர் பெயரில் நாணயம் அடிப்பதைக் கம்பெனி 1835-ல்தான் விட்டது. புதிய அதிகாரிகள் பழைய பெயரை உடனே அழிப்பதில்லை. சந்தையிலும் கோயிலிலும் அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறவரை அது பயன்படும். கோப்பெருஞ்சிங்கன் 1243-ல்தான் ‘சகலபுவன சக்கரவர்த்தி’ என்று சொல்லிக்கொண்டு தன் பெயரில் யாண்டு எழுதத் தொடங்கினான். சக்கரவர்த்தியைச் சிறையில் போட்ட பிறகும் 12 ஆண்டு பொறுத்திருந்தான்.

அவனை வில்லனாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. கலையறிந்தவன், தில்லையில் கோபுரத் திருப்பணி செய்தவன். நாம் வீழ்ச்சி என்று எழுதும் காலம் கூடலூரில் வளர்ச்சிக் காலம். ஊட்டத்தூர் இடங்கையாருக்குக்கூடப் பழைய ஒழுங்கு குலைந்த இடைவெளியில்தான் முதல்முறையாகக் குரல் கிடைத்தது. சோழ நாட்டின் பொற்காலத்தில் அவர்களுடைய பேச்சைக் கல்லில் வெட்டிக்கொள்ள யார் விட்டார்கள்?

மூன்றாம் இராசேந்திரன் 1246 முதல் கொஞ்சம் தலைநிமிர்ந்து பார்த்தான். 1251-ல் மதுரையில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வந்ததும் அதுவும் முடிந்தது. சோழன் திறை கட்டினான், கண்ணனூர் விழுந்தது, சோமேசுவரன் மாண்டான், சேந்தமங்கலம் பணிந்தது. 1279-க்குப் பிறகு இராசேந்திரன் பெயரில் கல்வெட்டு இல்லை. கடைசிச் சோழன் எந்தப் போரில் எப்படிச் செத்தான் என்று எழுத ஒருவரும் மெனக்கெடவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் சுவரில் அடுத்து வருபவை பாண்டியர் பெயர்கள். பூசை நின்றதாகத் தெரியவில்லை.

நின்றது தண்ணீர். முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியை, இன்று பொன்னேரி என்கிறோமே, அதை 1855-ல் தொகுக்கப்பட்ட திருச்சி மாவட்டக் குறிப்பு விவரிக்கிறது. வடக்கு தெற்காக 16 மைல் நீளக் கரை, பெரிய கலிங்குகள், கொள்ளிடத்திலிருந்து ஒரு வரத்து வாய்க்கால், வெள்ளாற்றிலிருந்து இன்னொன்று. அந்த ஆண்டில் ஏரி முழுக்கக் காடு. படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்தார்கள் என்று ஊரில் சொன்னார்களாம். ஒரே நாளில் உடைத்திருக்கலாம்தான். ஆனால் 16 மைல் கரையைக் காக்க ஆண்டுதோறும் குடிமராமத்து வேண்டும். வாய்க்கால் ஓடும் எல்லா ஊரும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். கொள்ளிடத்துத் தலைப்பு ஒருவன் கையிலும் வெள்ளாற்றுத் தலைப்பு இன்னொருவன் கையிலும் இருந்தால் எதிரி கடப்பாரை தூக்கவே வேண்டாம், இரண்டு கோடை போதும்.

அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகளும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் வந்தன. சுவர்களின் மேல்பகுதி எங்கே என்று கேட்டால், சுற்றுப்பட்டு ஊர்களின் பழைய வீட்டுச் சுவர்களைப் பார்க்கச் சொல்லலாம். உள்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம் என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் தலைநகரின் வரைபடத்தை இன்னும் வைத்திருக்கின்றன. கோயிலின் மதிலுக்கு வேறு விதி. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அந்த மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தடுக்க வந்த ஊராருக்குத் தண்டனை கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு ஒழுங்காக நிறைவேறவில்லை என்று அதே 1855 குறிப்பு, கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே, கோபத்தோடு எழுதுகிறது.

சோழரை விழுங்கிய பாண்டியருக்கு அந்த நாடு எத்தனை காலம் செரித்தது? 1279-லிருந்து 31 ஆண்டு. 1310-ல் மாறவர்மன் குலசேகரன் தன் மகன் சுந்தர பாண்டியனாலேயே கொல்லப்பட்டான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். சுந்தரனும் வீர பாண்டியனும் நாட்டைப் பங்கு போட்டு அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தில்லியிலிருந்து மாலிக் கபூரின் குதிரைப்படை கண்ணனூர் வழியாக இறங்கியபோது அதைத் தடுக்க ஒன்றுபட்ட படை என்று ஒன்று இல்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.